'வேண்டாம்' என்பதற்குப் பொத்தான் எங்கே?

'செய்தேன்' என்னும் சொல்லில் இறந்தகாலம் காட்டும் உறுப்பு உண்டு. 'செய்கிறேன்' என்பதில் நிகழ்காலம் காட்டும் உறுப்பு உண்டு. 'செய்வேன்' என்பதில் எதிர்காலம் காட்டும் உறுப்பு உண்டு. 'செய்யேன்' என்னும் சொல்லில் மட்டும் காலம் காட்டும் உறுப்பு எதுவும் இல்லை. திராவிட மொழிகளின் எதிர்மறை வினைக்குரிய இவ்வியல்பைக் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்திலேயே எடுத்துக்காட்டியுள்ளார். அன்றாட வழக்கிலுள்ள 'வேண்டாம்' என்னும் சொல்லும் காலம் காட்டுவதில்லை. பந்தியில் இலைக்கு மேல் கையை மறித்து ஒருவர் 'வேண்டாம்' என்றால், பரிமாறுபவர் அடுத்த இலைக்குச் சென்றுவிடுகிறார். 'இப்போது வேண்டாம் என்றீர்கள், இரண்டு நிமிடம் கழித்து வரட்டுமா' என்று கேட்டு நிற்பதில்லை. மறுப்பு மறுப்பாகவே ஏற்கப்படுகிறது.

இணையத்தில் இச்சொல்லைத் தேடினாலும் கிடைப்பதில்லை. செய்தித்தளம் ஒன்றைத் திறந்தவுடன் முதல் வரியைப் படிக்குமுன்பே பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழுகிறது. 'உடனுக்குடன் செய்திகளைப் பெற விருப்பமா?' என்று வினவுகிறது. கீழே இரண்டு பொத்தான்கள் உள்ளன. ஒன்றில் 'ஆம்' என்றும் மற்றொன்றில் 'பிறகு' என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 'பிறகு' என்பது மறுப்பாகாது; தவணை கேட்பதாகும். மீண்டும் வந்து கேட்பதற்கான உரிமையை, மறுக்க வந்தவர் கையாலேயே ஒப்பமிட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. வேறு சில தளங்கள் மறுப்புக்கு இடம் தருகின்றன. ஆனால், 'எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை' என்பது போன்ற வாசகத்தை அழுத்தினால்தான் அங்கே பெட்டி மூடும். மறுப்பவர் தம்மைத் தாமே இகழ்ந்துகொண்டுதான் வெளியேற வேண்டும்.

வினா என்பது விடைக்கு இடம் விடுவது. எல்லா விடைகளையும் கேட்பவரே எழுதி வைத்துக்கொண்டு, அவற்றில் எதிர்மறையை மட்டும் நீக்கிவிட்டால் அது வினாவின் தோற்றம் கொண்ட கட்டளையாகிவிடுகிறது. கோடிக்கணக்கான திரைகளில் நாள்தோறும் நிகழும் இவ்வுரையாடலில் ஒரு தரப்புக்கு எதிர்மறை இலக்கணமே மறுக்கப்பட்டிருக்கிறது. வடிகட்டும் பிராக்சி என்னும் எளிய மென்பொருளின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. இயந்திரம் கீழ்ப்படியும் வடிவில் எழுதப்பட்ட 'வேண்டாம்' அது. அதனைப் பயன்படுத்துவோரைத் திருடர் என்றும், எழுதுவோரின் வயிற்றில் அடிப்போர் என்றும் கூறும் குரல்கள் அண்மைக்காலமாக வலுத்து வருகின்றன. அக்குற்றச்சாட்டு தவறானது. தன் இயந்திரத்துக்குள் எது நுழையலாம், எது நுழையலாகாது என்று முடிவு செய்யும் உரிமை அவ்வியந்திரத்தின் உடைமையாளருக்கே உரியது.

பாப்-அப் விளம்பரம் பிறந்த கதையே இதற்குச் சான்றாகும். 1990களின் பிற்பகுதியில் டிரைபாட் என்னும் அமெரிக்க இணையத்தளம் பயனர்களுக்கு இலவசமாகப் பக்கங்களை அமைத்துத் தந்து, அவற்றில் விளம்பரங்களை இட்டுவந்தது. ஆபாசப் பக்கம் ஒன்றில் தன் விளம்பரம் தோன்றியதைக் கண்டு வாகன நிறுவனம் ஒன்று முறையிட்டது. விளம்பரத்தையும் பக்கத்தையும் பிரிப்பதற்காக, விளம்பரம் தனிச் சாளரத்தில் திறக்கும்படியான நிரலை ஈத்தன் சக்கர்மன் என்பவர் எழுதினார். 2014 ஆகஸ்டில் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அவரே இதனை விவரித்து மன்னிப்பும் கேட்டார். விளம்பரதாரரின் மானத்தைக் காக்க ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. பக்கத்தைத் திறந்தவர் என்ன நினைப்பார் என்னும் வினா அக்கணக்கில் எங்குமே இடம்பெறவில்லை. அன்று விடுபட்ட அவ்வினா இன்றுவரை விடுபட்டே இருக்கிறது.

'அது பழைய கதை. உலாவிகள் பாப்-அப்பைத் தடுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன' என்று சொல்வோர் உண்டு. ஒரு பாதி உண்மை. மொசில்லா 2002 அளவிலேயே தடுப்பைத் தந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்புடன் தந்தது. தனிச் சாளரமாக எழுந்த விளம்பரம் அதனால் ஒடுங்கியது. ஒழிந்ததா என்றால், இல்லை. சாளரத்தைத் துறந்து பக்கத்துக்குள்ளேயே மிதக்கும் பெட்டியாக மறுபிறவி எடுத்தது. முழுத்திரைத் தட்டியாகவும், ஓரத்தில் தானாக ஓடும் காணொளியாகவும், அறிவிப்பு அனுப்ப அனுமதி கோரும் விண்ணப்பமாகவும் உருமாறியது.

அந்த அனுமதி விண்ணப்பத்தைச் சற்று நுணுகிக் காண வேண்டும். அறிவிப்பு அனுப்ப ஒரு தளம் அனுமதி கேட்கும்போது உலாவி காட்டும் பெட்டியில் 'தடு' என்னும் பொத்தான் இருக்கிறது. அதனை ஒருமுறை அழுத்திவிட்டால் அத்தளம் மீண்டும் கேட்க முடியாது. பயனரே அமைப்புகளுக்குள் சென்று மாற்றினால்தான் உண்டு. உலாவியின் 'தடு' காலம் காட்டாத எதிர்மறை. இதனை அறிந்த தளங்கள் உலாவியின் பெட்டிக்கு முன்பாகத் தாமே வரைந்த பெட்டி ஒன்றைக் காட்டுகின்றன. அதில்தான் 'ஆம்', 'பிறகு' என்னும் இரு பொத்தான்கள். 'ஆம்' என்றால் மட்டுமே உலாவியின் பெட்டி வருகிறது. 'பிறகு' என்றால் அது வருவதே இல்லை. ஆகவே பயனரின் கை 'தடு' என்னும் பொத்தானைத் தொடும் வாய்ப்பும் இல்லை. மறுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்குச் செல்லும் வழியை அடைத்திருக்கிறார்கள். இதனைத் தற்செயல் என்று யாரும் கருத முடியாது.

வடிகட்டும் பிராக்சி இவ்வேற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. பிராக்சி என்பது உலாவிக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் பதிலாள். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்டால் பதிலாள் சென்று வாங்கி வருகிறது. வரும் வழியில் வேண்டாதவற்றைக் களைந்து மீதியைக் கொடுக்கிறது. 1990களின் இறுதியில் இன்டர்நெட் ஜங்க்பஸ்டர் என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணியைச் செய்தது. அதன் வழித்தோன்றலாகிய பிரிவாக்சி இரண்டு பத்தாண்டுகளைக் கடந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்காட் லெமன் விண்டோஸ் கணினிகளுக்காகத் தனியொருவராக எழுதிய புராக்சோமிட்ரான் என்பதும் அக்காலத்தில் பெயர் பெற்றிருந்தது.

பிரிவாக்சி செய்யும் வேலை இருவகை. முதலாவது, முகவரியைப் பார்த்துத் தடுப்பது: விளம்பரம் வழங்கும் கணினிகளின் பெயர்கள் பட்டியலில் இருந்தால் அவற்றுக்குக் கோரிக்கையே அனுப்பப்படுவதில்லை. விளம்பரம் மறைக்கப்படுவதில்லை, வருவதே இல்லை. டேட்டாவும் செலவாவதில்லை. இரண்டாவது, பக்கத்தின் உள்ளடக்கத்தைத் திருத்துவது: வந்த பக்கத்தில் சாளரம் திறக்கும் நிரல் வரிகளைத் தேடிச் செயலிழக்கச் செய்வது. இவ்விரண்டாம் வகையில் பாப்-அப்புக்கென இரண்டு வடிகட்டிகள் உள்ளன. ஒன்று எல்லாப் பாப்-அப்களையும் தடுப்பது. மற்றொன்று கேளாமல் வரும் பாப்-அப்களை மட்டும் தடுப்பது: பக்கம் திறக்கும்போது தானாக எழும் சாளரத்தை அது மறிக்கிறது, பயனர் விரும்பி ஓர் இணைப்பை அழுத்தித் திறக்கும் சாளரத்துக்கு வழிவிடுகிறது. கேட்டது எது, கேளாதது எது என்னும் வேறுபாட்டை ஒரு சிறு நிரல் மதிக்கிறது. கோடிகள் புரளும் விளம்பரத் தொழில் அவ்வேறுபாட்டை மதிக்கவில்லை என்பதே வழக்கின் சாரம்.

'உலாவியிலேயே தடுப்பு நீட்சிகள் இருக்கின்றன. பிராக்சி எதற்கு' என்பது அடுத்த வினா. நீட்சி நல்லதுதான், ஆயினும் அது உலாவியின் வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரர். உலகில் மிகுதியாகப் பயன்படும் குரோம் உலாவியைத் தருவது கூகுள். கூகுளின் வருவாயில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. நீட்சிகளுக்கான விதிகளை அந்நிறுவனம் மாற்றியதால், ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின் என்னும் புகழ்பெற்ற தடுப்பு நீட்சி 2024, 2025 ஆண்டுகளில் குரோமிலிருந்து படிப்படியாக வெளியேற்றப்பட்டது. பாதுகாப்பும் வேகமும் கருதியே மாற்றம் என்று நிறுவனம் கூறியது. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: தடுப்பவரின் கையிலிருந்த கருவியை விளம்பரம் விற்பவர் எடுத்துக்கொள்ள முடிந்தது. மற்றொரு புகழ்பெற்ற நீட்சியாகிய ஆட்பிளாக் பிளஸ் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்னும் திட்டத்தை நடத்துகிறது. அதன்படி தகுதி பெறும் விளம்பரங்கள் தாமாகவே உள்ளே விடப்படுகின்றன. பெரு நிறுவனங்கள் அதற்குக் கட்டணமும் செலுத்துகின்றன. வாயில்காப்போன் சம்பளத்தை வெளியிலிருந்து வாங்கத் தொடங்கினால் வாயில் யாருடையது என்னும் ஐயம் எழாமல் இராது. பிராக்சி உலாவிக்கு வெளியே, பயனரின் சொந்தக் கணினியில், அவர் படித்துத் திருத்தக்கூடிய எளிய எழுத்துக் கோப்புகளின்படி இயங்குகிறது. உலாவி மாறினாலும் அது மாறுவதில்லை.

இடையில் ஒருவர் நின்று பக்கத்தைத் திருத்துவது முறையா என்று தொழில்துறையினர் கேட்கிறார்கள். அவர்களுக்கு 2015ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அவ்வாண்டு ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த நிரலாளர் தேஜேஷ் ஜி.என்., ஏர்டெல் 3ஜி இணைப்பில் தம் வலைப்பக்கத்தைத் திறந்தபோது, தாம் எழுதாத நிரல் ஒன்று அப்பக்கத்தில் புகுத்தப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். அதற்கான சான்றுகளை கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார். நிரலுக்கு உரிமை கொண்டாடிய பிளாஷ் நெட்வொர்க்ஸ் என்னும் இஸ்ரேலிய நிறுவனத்தின் சார்பில் அவருக்கு வழக்கறிஞர் அறிவிக்கை வந்தது. பதிப்புரிமையைக் காரணம் காட்டி அச்சான்றுகள் கிட்ஹப்பிலிருந்து நீக்கப்பட்டன. பயனர்கள் தம் டேட்டாப் பயன்பாட்டை அறிந்துகொள்ள உதவும் பொதுவான தொழில்நுட்பமே அது என்றும், அறிவிக்கைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் ஏர்டெல் விளக்கியது.

இங்கே நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பயனருக்குத் தெரியாமல், அவர் பணம் கொடுத்து வாங்கிய இணைப்பில், இடையில் ஒருவர் நின்று பக்கத்தில் நிரலைச் சேர்த்தார். அதற்குப் பெயர் தொழில்நுட்பம். அதனை வெளியே சொன்னவருக்குக் கிடைத்தது சட்ட அறிவிக்கை. பயனர் தாமே விரும்பி அமர்த்திய பதிலாள் பக்கத்திலிருந்து ஒரு நிரலை நீக்கினால் மட்டும் அதற்குப் பெயர் திருட்டு. இரண்டும் இடையில் நின்று செய்யும் திருத்தமே. முதலாவதை அமர்த்தியவர் யார் என்று பயனருக்குத் தெரியாது. இரண்டாவதை அமர்த்தியவர் பயனரே. அறத்தின் எல்லைக்கோடு அமர்த்தியவர் யார் என்பதில் இருக்கிறது. திருத்தம் நிகழ்ந்ததா இல்லையா என்பதில் இல்லை.

திருட்டு என்னும் சொல்லையே இனி எடுத்துக்கொள்வோம். திருட்டு நிகழப் பிறர் பொருளை எடுக்க வேண்டும். வடிகட்டுபவர் எதையும் எடுப்பதில்லை. தன் கணினி எந்தக் கணினியோடு பேச வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறார். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் சாலையில் சோதனைச்சாவடி உண்டு என்பது அப்பகுதியில் எல்லோரும் அறிந்தது. அதே எல்லையில் மீனாட்சிபுரத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைச் சோதிக்கக் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. கலப்படம் தெரிந்தால் வண்டி திருப்பி அனுப்பப்படும். பாலைச் சோதிப்பது பால்காரரின் வருவாயைத் திருடுவது என்று எவரும் வாதாடியதில்லை. வீட்டுக்குள் வரும் பாலுக்குள்ள விதி, வீட்டுக்குள் வரும் நிரலுக்கும் பொருந்தும். ஜெர்மனியில் ஆக்சல் ஸ்பிரிங்கர் என்னும் பெரும் பதிப்பு நிறுவனம் ஆட்பிளாக் பிளஸ்ஸுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், விளம்பரத் தடுப்பு முறையற்ற வணிகப் போட்டியாகாது என்று அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பாகிய எஃப்.பி.ஐ., தேடுபொறி விளம்பரங்கள் வழியாகப் போலித் தளங்களுக்கு மக்கள் இழுக்கப்படுவதை எச்சரித்து, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. திருட்டைத் தடுக்கும் துறையே ஒரு செயலைப் பரிந்துரைத்த பின்னும் அச்செயலைத் திருட்டு என்பது பொருந்தாது.

எழுதுவோரின் வாழ்வாதாரம் பற்றிய வாதம் இதனினும் கனமானது. அதனை எள்ளி ஒதுக்குவது நேர்மையாகாது. தமிழில் இயங்கும் சிறு தளங்கள் பலவற்றுக்கு விளம்பரமே வருவாய். சந்தா கட்டிப் படிக்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஆயினும் இவ்வாதம் அச்சிதழ்களின் வரலாற்றை மறக்கிறது. தமிழ் வார இதழ்கள் தலைமுறை தலைமுறையாக விளம்பரம் வெளியிட்டுத்தான் வளர்ந்தன. தைல விளம்பரம் கதையின் வரிகளுக்கு மேல் எழுந்து நிற்கவில்லை; பக்கத்தைப் புரட்டியவரின் பின்னால் சென்று அடுத்து அவர் எந்த இதழைப் படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளவில்லை. வடிகட்டி அத்தகைய விளம்பரத்துக்குப் பகையன்று. ஒரு தளம் தன் சொந்த வழங்கியில் ஒரு படத்தையும் இணைப்பையும் இட்டு விளம்பரம் செய்தால், பட்டியல் பெரும்பாலும் அதனைத் தொடுவதில்லை. தொட்டாலும், பிரிவாக்சியின் பயனர் கோப்பில் ஒரே ஒரு வரியை எழுதி அத்தளத்துக்கு விலக்கு அளித்துவிடலாம். வடிகட்டி அழிப்பது விளம்பரத்தை அன்று. அனுமதியின்றிப் பின்தொடர்வதையும் வழிமறிப்பதையும் நம்பியிருக்கும் ஒரு வணிக முறையை. அம்முறையில் வரும் பணத்தில் இடைத்தரகர்கள் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே மீதி தளத்துக்கு வருகிறது. எழுத்தாளரின் வறுமையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தரகரின் வருவாயைக் காப்பதைத் தமிழ் மீதான அக்கறை என்று சொல்ல முடியாது.

வடிகட்டும் பிராக்சியின் குறைகளையும் கூறியாக வேண்டும். இணையப் பக்கங்கள் எச்.டி.டி.பி. என்னும் திறந்த நெறிமுறையில் வந்த காலத்தில் பிராக்சி எல்லாவற்றையும் படித்துத் திருத்த முடிந்தது. இன்று பெரும்பாலான பக்கங்கள் மறையாக்கம் செய்யப்பட்டு வருகின்றன. மறையாக்கம் வேண்டியதே, 2015இல் நிகழ்ந்தது போன்ற இடைச்செருகலைத் தடுப்பதும் அதுவே. ஆனால் உறையிட்ட கடிதத்தின் முகவரியை மட்டுமே பதிலாள் பார்க்க முடியும். ஆகவே முகவரிவழித் தடுப்பு இன்றும் செயல்படும். உள்ளடக்கத் திருத்தம் செயல்படாது. 2020 நவம்பரில் வெளிவந்த பிரிவாக்சி 3.0.29 பதிப்பு முதல் மறையாக்கப் பக்கங்களையும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. அதற்குப் பயனர் தம் கணினியில் சொந்தச் சான்றிதழை உருவாக்கி, அதனை நம்புமாறு உலாவிக்குச் சொல்ல வேண்டும். அச்சான்றிதழின் திறவுகோல் பிறர் கைக்குச் சென்றால் வங்கிக் கடவுச்சொல்லும் சென்றுவிடும். தெளிவாகத் தெரியாதவர்கள் முகவரிவழித் தடுப்போடு நின்றுகொள்வதே நன்று. 'இலவச பிராக்சி' என்று முகமறியாதவர் தரும் சேவையை எக்காரணம் கொண்டும் ஏற்கலாகாது; விளம்பரத்துக்கு அஞ்சி ஒற்றனை வீட்டில் வைத்துக்கொள்வது போலாகிவிடும். பதிலாள் சொந்தக் கணினியில் அல்லது நன்கறிந்த பள்ளியின், நூலகத்தின் கணினியில் இருக்க வேண்டும் என்பது இதில் முதல் விதி.

இவை அனைத்தும் நகரத்துக் கணினி ஆர்வலரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கங்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருக்கும். அதில் நாளுக்கு 1.5 ஜிபி என்பது போன்ற அளவில் டேட்டா. பகலில் அது தந்தையோடு வேலைக்குச் செல்லும். மாலையில் பிள்ளைகளின் படிப்புக்கு வரும். தமிழ்வழியில் கேரளப் பாடத்திட்டத்தைப் படிக்கும் மாணவருக்குப் பழைய வினாத்தாள் தேவை. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கிடைப்பது போல அது எளிதில் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடத்துக்குரிய தளங்கள் நிறைய உண்டு. அவை வேறு பாடத்திட்டம். தேடித் தேடி எங்கோ ஒரு மூலையிலுள்ள தளத்துக்குச் சென்றால், அங்கே 'பதிவிறக்கு' என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். இரண்டு விளம்பரம். ஒன்று மெய். தவறானதைத் தொட்டால் சூதாட்டச் செயலியோ, 'உங்கள் கைப்பேசியில் வைரஸ்' என்னும் பொய் எச்சரிக்கையோ எழும். எதிர்ப்பக்கம் கிடைக்கும் மொழி சிறுபான்மையினரின் மொழியாக இருந்தால் அவர் கூடுதல் தூரம் தேட வேண்டியிருக்கிறது. கூடுதல் தூரம் தேடுபவர் கூடுதல் பொறிகளைக் கடக்கிறார். மொழிச் சிறுபான்மையினர் செலுத்தும் இந்த மறைமுக வரியை எந்த அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை.

இதே சிற்றூர் வட்டத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000இல் தொடங்கப்பட்ட கோக்கோ கோலா ஆலை தங்கள் கிணறுகளை வற்றச் செய்து கெடுத்துவிட்டது என்று மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் போராடினார்கள். 2003இல் பெருமாட்டி ஊராட்சி ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தண்ணீரும் டேட்டாவும் ஒன்றாகிவிடா; ஒருவர் உயிர், மற்றொன்று வசதி என்று வேறுபாடு கூறலாம். ஆனால் கேளாமல் எடுப்பவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் ஆற்றல் ஓர் ஊராட்சிக்கு உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய மண் அது. அம்மண்ணின் பிள்ளைகள் 'பிறகு' என்னும் பொத்தானோடு நிறைவடைய வேண்டியதில்லை.

சட்டமும் இத்திசையில் சில அடிகள் நகர்ந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் பஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் பகுதி, தனியுரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியது. 2023 நவம்பர் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டன. மறுப்பவரை வெட்கப்படுத்தும் வாசகம், ஓயாமல் நச்சரித்தல், செய்தி போல வேடமிட்ட விளம்பரம் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் விதியைக் கொண்டிருக்கிறது. நல்ல சட்டங்களே. ஆனால் முறையீடு எழுதி, அது விசாரிக்கப்பட்டு, ஆணை பிறப்பதற்குள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிடும். சட்டம் நாளை செய்வதை வடிகட்டி இன்றே செய்கிறது. பயனருக்கு இரண்டும் தேவை.

செய்ய வேண்டியவை பெரியனவும் அல்ல. செலவு மிக்கனவும் அல்ல. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கூடங்கள் கைட் நிறுவனத்தின் வழிகாட்டலில் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. அவ்வகை இயங்குதளங்களின் மென்பொருள் களஞ்சியங்களில் பிரிவாக்சி ஏற்கெனவே உள்ளது. கூடத்திலுள்ள ஒரு கணினியில் அதனை நிறுவி, மற்றக் கணினிகளின் கோரிக்கைகளை ஏற்குமாறு அமைத்து, அவற்றின் பிராக்சி அமைப்பில் அக்கணினியின் முகவரியையும் 8118 என்னும் வாயில் எண்ணையும் இட்டால் கூடம் முழுவதும் வடிகட்டப்பட்ட இணையம் கிடைக்கும். அதே முறையை ஊராட்சி நூலகங்களும், மக்கள் நாள்தோறும் விண்ணப்பம் நிரப்ப வரும் அட்சய மையங்களும் பின்பற்றலாம். வீட்டில் வைஃபை உள்ளோர் ஆண்டிராய்டு கைப்பேசியின் வைஃபை அமைப்பிலேயே பிராக்சி முகவரியைக் குறிக்கலாம். கைப்பேசி டேட்டாவை மட்டும் நம்பியிருப்போருக்கு ஆண்டிராய்டு 9 முதல் உள்ள தனிப்பட்ட டி.என்.எஸ். வசதி முகவரிவழித் தடுப்பை ஓரளவு தரும்.

தமிழறிந்தோர் செய்ய வேண்டியது மற்றொன்று உண்டு. தடுப்புப் பட்டியல்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. தன்னார்வலர்கள் ஒவ்வொரு தளமாகப் பார்த்து எழுதுபவை. ஆங்கிலத் தளங்களைப் பார்க்க ஆயிரம் கண்கள் உண்டு. தமிழ்த் தளங்களைப் பார்க்கத் தமிழ் படிப்பவர்தான் வேண்டும். எந்தப் பொத்தான் மெய், எந்தப் பொத்தான் வேடம் என்பது வாசகத்தைப் படித்தால்தான் தெரியும். 'சொடுக்கவும்' என்னும் மரியாதை விகுதிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது அறிவிப்பா, வலையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பட்டியலில் சேர்க்கப்படும் ஒவ்வொரு தமிழ்த் தளத்தின் விதியும் முகமறியாத எத்தனையோ பிள்ளைகளின் ஒரு மாலைப்பொழுதை மீட்டுத் தரும்.

தமிழ்த் தளங்களை நடத்துவோரிடம் வைக்கும் கோரிக்கை ஒன்றே. 'பிறகு' என்னும் பொத்தானை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 'வேண்டாம்' என்று எழுதுங்கள். அழுத்தியவரிடம் மீண்டும் கேளாதீர்கள். அதனைச் செய்யும் தளத்துக்கு வாசகர்கள் தம் வடிகட்டியில் விலக்கு அளிக்கட்டும். செய்யாத தளத்துக்கான விடையை வாசகர்களின் இயந்திரங்களே சொல்லிக்கொண்டிருக்கும்: ஏலோம்.